பின்லாந்தை எந்த வரிசையில் உட்கார வைப்பது?

கேள்வி:

"ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. சமீபத்தில் பள்ளிக்கல்வி பற்றிய ஒரு புத்தகத்தில் 'பின்லாந்து போன்ற ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதல் வகுப்பில் சேர்கிறார்கள்' என்று ஒரு வரி. மூலத்தில் இருந்தபடியே எழுதினேன். பிரதியைப் பார்த்த எடிட்டர், 'பின்லாந்து ஸ்காண்டிநேவியா கிடையாது. இதுகூடத் தெரியாதா?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார். அகராதிகளைப் புரட்டினேன். ஒன்று பின்லாந்தைச் சேர்க்கிறது, இன்னொன்று 'சில சமயம்' என்கிறது. அதே வாரம் ஒரு மரச்சாமான் கடையின் கேட்டலாக் வேலை வந்தது. அதில் பின்லாந்து ஸ்டூலுக்குப் பெயரே 'ஸ்காண்டிநேவியன் டிசைன்'! யார் சொல்வது சரி? அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு வைத்திருக்கிறார்கள்."
மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

உங்கள் எடிட்டர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அந்த வரியில் நிஜமான பிழை அவர் மை தீட்டிய இடத்துக்கு இரண்டு சொல் தள்ளி இருக்கிறது. அதை அவரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தச் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்துவிடுவோம்.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆட்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டால், ஸ்காண்டிநேவியா என்பது தங்கள் மூன்று நாடுகள்தான் என்பார்கள். அதில் அவர்களுக்குக் குழப்பம் கிடையாது. பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துச் சொல்ல அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது: நோர்டென். 'வடக்கு' என்று பொருள், அவ்வளவுதான். ஐந்து நாடுகள், அவற்றோடு டென்மார்க் முடியாட்சிக்குள் இருக்கும் ஃபாரோ தீவுகளும் கிரீன்லாந்தும், பின்லாந்துக்குள் தன்னாட்சியோடு இருக்கும் ஓலாந்து தீவுகளும் இந்த 'வடக்கு'க்குள் அடக்கம். பின்லாந்துக்காரர்களும் தங்கள் மொழியில் 'வடநாடுகள்' என்ற பொருளில்தான் ஐந்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இப்படி ஒரு சொல் வாய்க்கவில்லை. வெறுமனே 'நார்த்' என்றால் இங்கிலாந்துக்காரருக்கு யார்க்‌ஷயர் ஞாபகம் வரும். அமெரிக்கருக்கு உள்நாட்டுப் போர் ஞாபகம் வரும். ஆக, கையில் இருந்த ஸ்காண்டிநேவியாவையே இழுத்து நீட்டி ஐந்து நாடுகளுக்கும் போர்த்திவிட்டார்கள். மூன்று பேருக்குத் தைத்த போர்வை ஐந்து பேருக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் கால் வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அது பின்லாந்தின் கால்.

'நோர்டிக்' என்ற சொல் இருக்கிறதே, அதைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இன்று ஆங்கிலத்தில் கவனமாக எழுதுகிறவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். வணிக ஆங்கிலத்தில் 'த நோர்டிக்ஸ்' என்று பன்மையில் நாடுகளையே குறிப்பதும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஒரு பழைய கறை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனவாதம் பேசியவர்கள், பொன்னிற முடியும் நீலக் கண்ணும் கொண்ட 'உயர்ந்த' இனம் என்று கற்பித்துக்கொண்டு அதற்கு வைத்த பெயரும் இதுவே. ஆகையால் பழைய ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கும்போது 'நோர்டிக்' என்று கண்டதும் ஐந்து நாடு என்று எழுதிவிடாதீர்கள். எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள்.

உங்கள் எடிட்டர் போன்றவர்கள் 'மூன்றுதான், மூன்று மட்டும்தான்' என்று அடித்துப் பேசுவதைக் கேட்டால், அது ஆதி நாளிலிருந்து கல்லில் பொறித்து வைத்த கணக்கு என்று தோன்றும். அப்படியில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் மூத்த பிளினி வடகடலில் 'ஸ்காட்டிநாவியா' என்று ஒரு தீவு இருப்பதாக எழுதினார். ஆம், தீவு என்றே நினைத்தார்கள். சொல்லின் பின்பாதிக்கும் பழைய ஜெர்மானிய மொழியில் தீவு, நீர் சூழ்ந்த நிலம் என்றே பொருள் சொல்கிறார்கள். இப்போது நாம் உச்சரிக்கும் 'ண்' பிளினியிடம் இல்லை. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்வீடனின் தென்முனையில் இருக்கும் ஸ்கோனே என்ற பகுதியின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த ஸ்கோனே 1658 வரை டென்மார்க்கின் நிலம். போரில் தோற்று, ரோஸ்கில்டே உடன்படிக்கையில் ஸ்வீடனுக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

மூன்று நாடு என்ற கணக்கு உறுதிப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1840-களில் டென்மார்க்கின் கோபன்ஹேகன், ஸ்வீடனின் லுண்ட், உப்சாலா பல்கலைக்கழக மாணவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் கப்பலேறிப் போய், 'நாம் ஒரே மக்கள்' என்று முழங்கினார்கள். ஸ்காண்டிநேவிய ஒருமைப்பாட்டு இயக்கம் என்று அதைச் சொல்லலாம். பின்லாந்து அப்போது எங்கே இருந்தது? அறுநூறு ஆண்டுக்கும் மேல் ஸ்வீடனோடு இருந்துவிட்டு, 1809-ல் ரஷ்யப் பேரரசரின் கைக்குப் போயிருந்தது. ஜார் மன்னரின் குடிமக்கள் எப்படி இந்தக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்வது? இயக்கமும் நெடுநாள் நிற்கவில்லை. 1864-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கை அடித்தபோது, 'ஒரே மக்கள்' என்று பாடிய சகோதர நாடான ஸ்வீடனின் அரசு படை அனுப்பவில்லை. மிஞ்சியது காசுதான். 1873-ல் டென்மார்க்கும் ஸ்வீடனும் ஒரே மதிப்புள்ள குரோன் நாணயத்துக்கு மாறின. இரண்டு ஆண்டில் நார்வே சேர்ந்துகொண்டது. முதல் உலகப் போர் வரை ஓடிய அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஸ்காண்டிநேவிய நாணய ஒன்றியம்.

ஆக, பின்லாந்து வெளியே நிற்பதற்குக் காரணம் அன்றைய அரசியல். நிலப்படத்தை எடுத்தால் கதை இன்னும் கோணலாகும். ஸ்காண்டிநேவியத் தீபகற்பம் என்று புவியியலில் சொல்வது நார்வேயையும் ஸ்வீடனையும். பின்லாந்தின் வடமேற்கு மூலை கொஞ்சம் அதில் சேர்கிறது. அந்த நாட்டின் மிக உயரமான இடம், 1,324 மீட்டர் உயரமுள்ள ஹால்டி, ஸ்காண்டிநேவிய மலைத்தொடரில்தான் இருக்கிறது. சந்தேகமில்லாமல் ஸ்காண்டிநேவியா என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் டென்மார்க்குக்கு அந்தத் தீபகற்பத்தில் ஒரு காணி நிலம்கூட இல்லை. அதன் தலைநகரமே ஒரு தீவில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்வீடனுக்குக் காரிலும் ரயிலிலும் போகப் பாலம் திறந்தது 2000-ல்தான். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதான் நிலவியலாளர்கள் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நிலப்பரப்பைச் சேர்த்துச் சொல்ல 'ஃபென்னோஸ்காண்டியா' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள். வில்ஹெல்ம் ராம்சே என்ற பின்லாந்து நிலவியலாளர் 1898-ல் உண்டாக்கிய சொல் அது.

மொழியியலுக்குப் போனால் வரிசை மறுபடி மாறும். ஆங்கில மொழியியல் நூலில் 'ஸ்காண்டிநேவிய மொழிகள்' என்று வந்தால் டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வீஜியன், அவற்றோடு ஐஸ்லாந்திக், ஃபாரோயீஸ். நிலப்படத்தில் வெளியே இருந்த ஐஸ்லாந்து இங்கே நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும். பின்னிஷ் மொழி வாசலிலேயே நிற்கும், ஏனென்றால் அது எஸ்தோனிய மொழிக்கும், வடகோடியில் வாழும் சாமி என்ற மக்களின் மொழிகளுக்கும், தூரத்தில் ஹங்கேரிய மொழிக்கும் உறவு. ஸ்வீடிஷுக்கு அது பக்கத்து வீடு, அவ்வளவுதான். அதே சமயம் பின்லாந்தில் ஸ்வீடிஷும் ஆட்சிமொழி. மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது தாய்மொழி. பின்லாந்துக்காரர்கள் ஸ்காண்டிநேவிய மொழி பேசுவதில்லை என்று எழுதினால் அந்த ஐந்து பேர் கடிதம் போடுவார்கள்.

இதே துறையில் இன்னொரு பொருளும் உண்டு. ஆங்கில மொழியின் வரலாற்றைப் பேசும் நூல்களில் 'ஸ்காண்டிநேவியச் சொற்கள்' என்று ஒரு அத்தியாயம் தவறாமல் வரும். ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கி இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் விட்டுப்போன சொற்கள் அவை. ஸ்கை, எக், நைஃப், ஹஸ்பண்ட், ஏன், 'தே', 'தெம்' என்ற பிரதிப்பெயர்கள்கூட. வந்தவர்களில் டென்மார்க்காரர் யார், நார்வேக்காரர் யார் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. அன்று பேச்சும் அவ்வளவு பிரிந்திருக்கவில்லை. பொதுவாக ஸ்காண்டிநேவியம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே அந்தச் சொல்லை நாடுகளாகப் பிரித்து மொழிபெயர்த்தால்தான் தப்பு. 'விண்டோ'வும் அந்த வரிசையில் வந்ததுதான். மூலத்தில் 'காற்றின் கண்'. நம் பழந்தமிழ் 'காலதர்', காற்றின் வழி. இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மரச்சாமான் கடைக்கு வருவோம். உங்கள் கேட்டலாக்கில் இருந்தது மூன்று கால் பிர்ச் மர ஸ்டூல் என்றால் அது ஆல்வார் ஆல்டோ 1933-ல் வடிவமைத்ததாகவோ அதன் நகலாகவோ இருக்கும். ஆல்டோ அசல் பின்லாந்துக்காரர். ஆனாலும் அந்த ஸ்டூலை 'ஸ்காண்டிநேவியன் டிசைன்' என்று சொல்வதில் ஆங்கிலத்தில் ஒருவருக்கும் உறுத்தாது. 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு பெரிய கண்காட்சிக்கு 'டிசைன் இன் ஸ்காண்டிநேவியா' என்று பெயர். டென்மார்க், நார்வே, ஸ்வீடனோடு பின்லாந்தும் அதில் சேர்ந்தே போனது. தன் கண்ணாடிச் சாமான்களை விற்க அந்தப் பெயர்ப்பலகை பயன்படும் என்றால் பின்லாந்து அன்று ஆட்சேபிக்கவில்லை. ஹோட்டல் போர்டில் 'செட்டிநாடு' என்று போட்டிருந்தால் அந்தக் கோழி காரைக்குடியிலிருந்து வந்ததா என்று நாம் கேட்கிறோமா? மிளகும் காரமும் ஒரு தினுசாக இருக்கும் என்று புரிந்துகொள்கிறோம். அப்படி, வெளிர் மரம், நேர்கோடு, அலங்காரம் குறைவு என்ற ருசிக்கு ஆகிவந்த பெயர் அது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதையும் சுருக்கி 'ஸ்காண்டி' என்கின்றன.

கேட்டலாக்கில் கை வைக்காதீர்கள். 'ஸ்காண்டிநேவியன் டிசைன்' என்றே தமிழில் எழுதிவிடுங்கள். ஸ்டூல் செய்த நாடு தனியாக ஒரு வரியில் வரும்போது பின்லாந்து என்று போட்டால் போதும்.

விற்பனைப் பெயரில் இப்படி விட்டுக்கொடுக்கலாம். செய்தியில் முடியாது. நான் சூடுபட்ட கதையைச் சொல்கிறேன்.

2002 பிப்ரவரி 22-ல் இலங்கையில் போர்நிறுத்த உடன்படிக்கை ஆனதும் அதைக் கண்காணிக்க நார்வே தலைமையில் ஒரு குழு போயிற்று. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டு ஆட்களும் அதில் இருந்தார்கள். நான் அப்போது ஒரு பத்திரிகையின் மொழிபெயர்ப்பு மேசையில் இருந்தேன். ஏஜென்சிச் செய்திகளில் ஒருநாள் 'நோர்டிக் மானிட்டர்ஸ்' என்று வரும், மறுநாள் 'ஸ்காண்டிநேவியன் மானிட்டர்ஸ்' என்று வரும். நான் இரண்டுக்கும் சேர்த்து 'ஸ்காண்டிநேவியக் கண்காணிப்பாளர்கள்' என்று ஒரே அச்சில் வார்த்துவிடுவேன். நான்கு வருடம் ஒருவரும் கேட்கவில்லை.

2006 மே மாதக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றியத்தில் உறுப்பினராக இருக்கும் நாட்டு ஆட்கள் இனிக் கண்காணிப்பில் இருக்கக்கூடாது என்று புலிகள் சொல்லிவிட்டார்கள். அதன்படி வெளியேற வேண்டியவர்கள் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து. தங்கியவர்கள் நார்வேயும் ஐஸ்லாந்தும். குழுவின் தலைவரே அப்போது ஸ்வீடன்காரர். நான் பழைய பழக்கத்தில் 'ஸ்காண்டிநேவியக் கண்காணிப்பாளர்கள் வெளியேறுகிறார்கள்' என்று தலைப்பு எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு யாழ்ப்பாண வாசகர் தொலைபேசியில் வந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அப்ப நோர்வேயும் போகுதோ?" அவருக்கு அது சொல்லாராய்ச்சி இல்லை. அவருடைய ஊரில் யார் இருக்கப்போகிறார்கள் என்ற கேள்வி. அந்த ஒரு சொல்லால் நான் போகிறவர்களில் இருவரையும் போகாத ஒருவரையும் ஒரே பையில் போட்டிருந்தேன். போகிறவர்களில் மூன்றாமவரும், தங்கியவர்களில் இன்னொருவரும் என் சொல்லுக்கு வெளியே.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் பழக்கம் ஒன்றே ஒன்று. 'ஸ்காண்டிநேவியன்' என்று மூலத்தில் வந்தால், அந்த வாக்கியம் எத்தனை நாட்டைப் பற்றி எதைச் சொல்கிறது என்று விரலை மடக்கிப் பார்ப்பேன். ஆங்கிலத்தில் எழுதியவர் அதை எண்ணியிருக்க மாட்டார், பத்தில் ஒன்பது பேர் எண்ணுவதில்லை. நீங்கள் எண்ண வேண்டும்.

2022-லிருந்து வந்த நேட்டோ செய்திகளையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர விண்ணப்பித்தவை பின்லாந்தும் ஸ்வீடனும். முன்னது 2023 ஏப்ரலிலும் பின்னது 2024 மார்ச்சிலும் சேர்ந்தன. இதை 'ஸ்காண்டிநேவிய நாடுகள் நேட்டோவில் இணைகின்றன' என்று எழுதினால், 1949-ல் அந்த அமைப்பைத் தொடங்கிய பன்னிரண்டில் இரண்டாக இருந்த டென்மார்க்கையும் நார்வேயையும் புதிதாகச் சேர்த்தவர்கள் ஆவோம். 'ஸ்காண்டிநேவிய நாடுகளில் யூரோ கிடையாது' என்ற வரி மூன்று நாட்டுக்கு உண்மை. பின்லாந்தையும் உள்ளே வைத்துக்கொண்டு படித்தால் பொய், அங்கே புழங்குவது யூரோதான். 'ஸ்காண்டிநேவிய அரச குடும்பங்கள்' என்றால் மட்டும் நிம்மதியாக இருக்கலாம். மூன்றும் முடியாட்சி, பின்லாந்தும் ஐஸ்லாந்தும் குடியரசு. எப்படி எண்ணினாலும் கணக்கு இடிக்காது.

அமைப்புகளின் பெயர்களில் இன்னொரு சிக்கல். பெயரை நாம் திருத்த முடியாது, ஆனால் பெயரை நம்பி ஏமாறவும் கூடாது. 1946-ல் தொடங்கிய ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் சொன்ன சொல் தவறாத கம்பெனி: டென்மார்க், நார்வே, ஸ்வீடன் விமான நிறுவனங்கள் சேர்ந்து உண்டாக்கியது. பின்லாந்துக்குத் தனி விமான கம்பெனி இருந்தது. எல்லாம் இப்படி ஒழுங்காக இருக்காது. நமக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். சிந்துவெளி எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்று வாதிட்ட அஸ்கோ பர்போலாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டில் விருது வாங்கியவர். ஹெல்சிங்கிக்காரர். அவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வின் முதல் அறிக்கை 1969-ல் வெளிவந்தது. வெளியிட்டது கோபன்ஹேகனில் இருந்த ஸ்காண்டிநேவிய ஆசியவியல் நிறுவனம். பின்லாந்துக்காரர்களின் ஆய்வு, ஸ்காண்டிநேவியன் என்ற பெயர்ப்பலகையின் கீழ்! அந்த நிறுவனமே பிறகு தன் ஆங்கிலப் பெயரை நோர்டிக் ஆசியவியல் நிறுவனம் என்று மாற்றிக்கொண்டது. பழைய அடிக்குறிப்புகளில் ஒரு பெயரும் புதியவற்றில் இன்னொரு பெயரும் வரும். இரண்டு நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பின்லாந்துக்காரர்கள் இதற்கெல்லாம் கோபப்படுவார்களா? ஆளைப் பொறுத்தது. வடநாட்டில் நம்மை 'மதராசி' என்று கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டே போனவர்களும் உண்டு, சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அந்தப் பெயருக்கு வெளியே நிற்பதற்கு விலை கொடுத்த காலமும் பின்லாந்துக்காரர்களுக்கு இருந்தது. 1908-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பின்லாந்திலிருந்து வந்தவர்கள் மங்கோலிய இனம், வெள்ளையர் இல்லை, ஆகையால் குடியுரிமை கொடுக்கக்கூடாது என்று அரசு வக்கீல் ஒருவர் வழக்காடினார். நீதிபதி அதை ஏற்கவில்லை. அதே மாநிலத்தில் குடியேறியிருந்த ஸ்வீடன்காரர்களையும் நார்வேக்காரர்களையும் பார்த்து அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். 'பின்லாந்து போன்ற ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதல் வகுப்பில் சேர்கிறார்கள்.' உங்கள் எடிட்டர் நிறுத்திய இடம் 'பின்லாந்து'. நான் நிறுத்துவது 'நாடுகளில்' என்ற பன்மையில். நார்வேயில் 1997-லேயே பள்ளி தொடங்கும் வயதை ஏழிலிருந்து ஆறாகக் குறைத்துவிட்டார்கள். எடிட்டர் சொல்படி பின்லாந்தை எடுத்துவிட்டு 'ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏழு வயதில்தான்' என்று அச்சிட்டால், சொல் சுத்தமாகும், செய்தி முன்பைவிட மோசமாகும். யாருக்கு அந்தத் தகவல் பொருந்துமோ அவரை வெளியே தள்ளிவிட்டு, பொருந்தாதவரை உள்ளே வைத்த மாதிரி.

இந்தப் புத்தகம் கல்வி பற்றியது என்பதால் இன்னும் ஒரு எச்சரிக்கை. 2000-ஆம் ஆண்டின் பீசா (பல நாட்டுப் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் சர்வதேசத் தேர்வு) தேர்வில் பின்லாந்து வாசிப்பில் முதலிடம் வந்ததிலிருந்து உலகமே அந்த நாட்டைப் பற்றி எழுதித் தள்ளுகிறது, தமிழிலும் குறைவில்லை. ஆங்கிலத்தில் அதை 'ஸ்காண்டிநேவியக் கல்விமுறை' என்று பொதுமைப்படுத்தும் புத்தகங்கள் ஏராளம். ஆனால் பக்கத்து ஸ்வீடன் 1990-களில் நேர் எதிர்த் திசையில் போன நாடு. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம், தனியார் நடத்தும் பள்ளிக்கும் அரசுப் பணம் மாணவரோடு போய்ச் சேரும் என்று சந்தையைத் திறந்துவிட்டார்கள். 2012 பீசாவில் ஸ்வீடன் வளர்ந்த நாடுகளின் சராசரிக்குக் கீழே இறங்கியது. பின்லாந்தில் பள்ளிப்படிப்பின் கடைசியில்தான் நாடு தழுவிய பெரிய தேர்வு. ஸ்வீடனிலோ மூன்றாம் வகுப்பிலிருந்தே தேசியத் தேர்வுகள் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால், நூலாசிரியர் எதைப் புகழ்கிறார் என்றே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் போகும். உங்கள் நூலில் அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடி ஒவ்வொன்றையும் விரல் மடக்கிப் பாருங்கள். சில இடத்தில் பின்லாந்து என்று மட்டும் எழுத வேண்டியிருக்கும், சில இடத்தில் நோர்டிக் நாடுகள் என்று. உண்மையாகவே மூன்று நாட்டைச் சொல்லும் இடமும் ஒன்றிரண்டு இருக்கலாம்.

மூலத்தை மீறலாமா என்ற தயக்கம் உங்களுக்கு வரும். நூலாசிரியரின் கருத்தாக இருந்தால் தொடமாட்டேன். மேற்கோளுக்குள் ஒருவர் பேச்சாக இருந்தாலும் தொடமாட்டேன், அவர் சொன்னது அவர் பாடு. தகவல் வாக்கியமாக இருந்தால் நாட்டின் பெயரைச் சொல்லி எழுதிவிட்டு, பதிப்பகத்துக்கு ஓரக்குறிப்பு வைத்துவிடுவேன். ஆங்கிலத்தின் தளர்ச்சியைச் சுமந்துகொண்டு வர வேண்டிய கடன் தமிழுக்கு இல்லை.

எழுத்துக்கூட்டு. ஸ்காண்டிநேவியா, ஸ்காண்டினேவியா, ஸ்கண்டிநேவியா மூன்றும் அச்சில் ஓடுகின்றன. கிரந்தம் தவிர்ப்பவர்கள் எசுக்காண்டிநேவியா என்கிறார்கள். நான் முதலாவதைப் பயன்படுத்துகிறேன், காரணம் கேட்டால் கைப்பழக்கம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியாது. ஒரே நூலுக்குள் மாறாமல் இருந்தால் போதும். நார்வேயா நோர்வேயா என்றால், தமிழகப் பதிப்பகத்துக்கு நார்வே, ஈழத்து வாசகருக்கு நோர்வே. அங்கே இருப்பவர்கள் 'நோர்கே' என்பதால் உச்சரிப்பில் ஈழத்தமிழர்தான் பக்கத்தில் இருக்கிறார்கள்.

எடிட்டருக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய குறிப்பை நானே எழுதித் தருகிறேன்: "பின்லாந்து குறித்து நீங்கள் சொன்னது சரி. நார்வேயில் 1997 முதல் ஆறு வயதிலேயே பள்ளி தொடங்குவதால் ஸ்காண்டிநேவிய நாடுகள் என்ற தொடரை எடுத்துவிட்டு, 'பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதல் வகுப்பில் சேர்கிறார்கள்' என்று மாற்றியிருக்கிறேன்." சிவப்பு மை வேண்டாம். பென்சிலில் எழுதுங்கள்.